நாயை வளாகத்துக்குள் வைத்திருக்க மின்வேலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாயிற்கதவு திறந்திருந்த ஒரு நிமிடத்தில் சாலைக்கு ஓடிய நாய் வண்டியில் அடிபட்டதைப் பார்த்தவர்களுக்கு, அதை வளாகத்துக்குள் வைத்திருப்பது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கவலையோடு மின்வேலியைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு எனக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நாய்க்கான மின்வேலி என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுவதால் முதலில் அதைப் பிரித்துக்கொள்வது நல்லது. முதலாவது, கண்ணுக்குத் தெரியும் கம்பிவேலி. எனர்ஜைசர் என்று கடைகளில் சொல்லப்படும் கருவி, ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை, மிகக் குறுகிய மின்துடிப்பை அந்தக் கம்பிக்குள் அனுப்பும். கம்பியைத் தொடும் நாய்க்குச் சுரீரென்று அடிக்கும். மாடுகளையும் ஆடுகளையும் மேய்ச்சல் நிலத்துக்குள் நிறுத்தப் பயன்படும் வேலியின் சிறிய வடிவம் இது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வேலி. வளாகத்தின் எல்லையில் ஒரு கம்பியை மண்ணுக்குள் புதைத்து, நாயின் கழுத்தில் ஒரு மின்னணுப் பட்டையைக் கட்டிவிடுவார்கள். நாய் எல்லையை நெருங்கினால் பட்டை முதலில் ஒலி எழுப்பும், பிறகு கழுத்தில் மின்னதிர்வு கொடுக்கும். இங்கே மண்ணுக்குள் இருக்கும் கம்பி எவரையும் தாக்காது. அடி கொடுப்பது பட்டை மட்டுமே. இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியது. இரண்டாம் வகைக்குத் தனியாக விடைகள் உண்டு.

கேள்வி: கருவி எதற்கு? வீட்டு மின்சாரத்தையே கம்பியில் கொடுத்தால் போதாதா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த விடையை மட்டும் படித்துவிடுங்கள். வீட்டு மின்சாரம் இடைவிடாமல் பாய்வது. அதைத் தொட்ட உடலில் சுமார் 10 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகலாம். அதற்கு மேல் சில மடங்கு போனால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிர் போய்விடும். இடையில் ஒரு பல்பையோ ரெசிஸ்டரையோ வைத்தால் ஆபத்து குறையும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். நேரடி மின்சாரம் பாய்ந்த கம்பிகளில் நாய்கள் மட்டுமல்லாமல், பந்தை எடுக்கப் போன பிள்ளைகளும், இருட்டில் கால் தடுக்கிய பெரியவர்களும், வேலி போட்டவர்களேகூட இறந்திருக்கிறார்கள். தரச்சான்று பெற்ற எனர்ஜைசர் இல்லாமல் மின்வேலி என்ற பேச்சே வேண்டாம்.

கேள்வி: எனர்ஜைசரும் பல ஆயிரம் வோல்ட் கொடுக்கிறதே, அது மட்டும் கொல்லாதா?

இந்தச் சந்தேகம் நியாயமானது. வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம்; அது எவ்வளவு நேரம், எவ்வளவு ஆற்றலோடு உடலுக்குள் போகிறது என்பதுதான் தீங்கை முடிவு செய்கிறது. கம்பளத்தின் மேல் நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் தெறிக்கும் பொறியிலும் சில ஆயிரம் வோல்ட் இருக்கும், ஆனால் ஆற்றல் மிகச் சொற்பம். எனர்ஜைசர் ஒரு மின்தேக்கியில் ஆற்றலைச் சேர்த்து, பெரும்பாலான கருவிகளில் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அதை வெளியே விட்டுவிட்டு, அடுத்த துடிப்பு வரையில் சும்மா இருக்கும். அந்த இடைவெளிதான் உயிரைக் காக்கிறது. தொட்ட விலங்கு அந்த நேரத்தில் விலகிக்கொள்ளலாம். இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60335-2-76, துடிப்புகளுக்கு இடையே குறைந்தது 1 விநாடி இருக்க வேண்டும் என்றும், ஒரு துடிப்பின் ஆற்றல் 500 ஓம் சுமையில் 5 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு) என்ற அளவைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு கட்டுகிறது.

இவ்வளவு அழுத்தம் எதற்கு என்றால், நாயின் மயிரும் உலர்ந்த தோலும் மின்சாரத்தைத் தடுப்பவை. அவற்றைத் தாண்டி உள்ளே போக உயர்ந்த வோல்ட் வேண்டும். அதே காரணத்தால்தான் 12 வோல்ட் பேட்டரியை நேராகக் கம்பியில் இணைத்தால் நாய் எதையும் உணராது.

ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கம்பியில் சிக்கிக்கொண்ட விலங்கு விலக முடியாமல் அடி மேல் அடி வாங்கும். முள்கம்பிக்கு மின்துடிப்பு கொடுக்கக்கூடாது என்று அந்தத் தரம் சொல்வதும் அதனால்தான். வலையாகப் பின்னப்பட்ட மின்வேலியில் நாயின் கால் மாட்டிக்கொள்ளக் கூடும் என்பதால் வீட்டு வளாகத்துக்கு நான் அதைச் சொல்வதில்லை. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய கம்பிகளே போதும்.

கேள்வி: எவ்வளவு திறனுள்ள கருவி வாங்க வேண்டும்?

வீட்டு வளாகத்துக்குக் கடையில் கிடைப்பதிலேயே சிறியது போதும். கருவிகளின் மேல் ‘இத்தனை கிலோமீட்டர்’ என்று எழுதியிருப்பது புல் படாத, நல்ல எர்த் (கருவியை மண்ணோடு இணைக்கும் அமைப்பு) உள்ள ஒற்றைக் கம்பிக்கான கணக்கு. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அரை ஜூலுக்குக் கீழ் உள்ள கருவி நாய்க்குத் தாராளம். கம்பியில் எந்த இடத்தில் அளந்தாலும் 2,000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் பெரும்பாலான நாய்கள் மதிக்கும். அடர்ந்த இரட்டை மயிர் கொண்ட நாய்களுக்கு 3,000 முதல் 4,000 வரை தேவைப்படலாம்.

கேள்வி: கம்பியைக் கட்டிக் கருவியையும் இணைத்துவிட்டேன். நாய் தொட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன்?

பத்தில் ஒன்பது முறை எர்த் சரியில்லை என்பதே காரணம் என்று வேலி போடுபவர்கள் சொல்வார்கள். என் அனுபவமும் அப்படித்தான். மின்துடிப்பு கருவியிலிருந்து கம்பிக்குப் போய், நாயின் மூக்கு வழியாக உடலுக்குள் நுழைந்து, கால்கள் வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகவே நடந்து, கருவியின் எர்த் முனைக்குத் திரும்ப வேண்டும். வட்டம் முழுமையடைந்தால்தான் அடி விழும். மின்கம்பியில் காக்கை நிம்மதியாக உட்கார்ந்திருப்பது அதன் கால் தரையைத் தொடாததால்தான். ஆக, கம்பிக்குச் செலவழித்த கவனத்தில் பாதியையாவது மண்ணுக்குள் இறங்கும் இரும்புக்கும் கொடுக்க வேண்டும்.

துத்தநாகம் பூசிய தடித்த இரும்புக் கம்பிகள் மூன்றை, ஏறக்குறைய ஓர் ஆள் உயரம் மண்ணுக்குள் இறங்கும்படி, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளி விட்டு அடித்து, மூன்றையும் ஒரே கம்பியால் இணைத்துக் கருவியின் எர்த் முனையில் சேர்ப்பது வழக்கமான முறை. நிழலும் ஈரமும் உள்ள இடமாகப் பாருங்கள். வீட்டு மின்சாரத்துக்கான எர்த்திலிருந்து இவை குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீட்டு எர்த்தோடும் தண்ணீர்க் குழாயோடும் ஒருபோதும் இணைக்கக்கூடாது, ஏனென்றால் வேலியின் துடிப்பு குளியலறைக் குழாய் வரை வந்துவிடும்.

எர்த் போதுமானதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. கருவியை அணைத்துவிட்டு, வேலியின் கடைசிப் பகுதியில் இரும்புக் கம்பிகளை மண்ணில் குத்தி வேலிக் கம்பியில் சாய்த்து வையுங்கள். பிறகு கருவியை இயக்கி, வேலியின் அழுத்தம் 1,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எர்த் கம்பிக்கும் சற்றுத் தள்ளி மண்ணில் குத்திய இன்னொரு சிறு கம்பிக்கும் இடையே வேலிச் சோதனைக் கருவியால் அளந்து பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் எர்த் கம்பிகள் தேவை.

கோடையில் மண் காய்ந்து பாறைபோல ஆகிவிடும் இடங்களில் இந்த முறை தோற்றுப்போகலாம். அங்கே ஒரு கம்பியைக் கருவியின் துடிப்பு முனையிலும் அடுத்த கம்பியை எர்த் முனையிலும் மாறி மாறி இணைத்தால், இரண்டையும் சேர்த்துத் தொடும் நாய்க்கு மண்ணின் உதவி இல்லாமலே அடி கிடைக்கும்.

கேள்வி: கம்பிகளை எந்த உயரத்தில் கட்டுவது?

அளவுகோலைவிட உங்கள் நாயின் மூக்கைப் பார்த்து முடிவு செய்வதே சரி. மூக்கில் மயிர் கிடையாது, எப்போதும் ஈரமாக இருக்கும், புதிதாக எதைப் பார்த்தாலும் நாய் அதைத்தான் முதலில் நீட்டும். நடுத்தர உயரமுள்ள நாய்க்குத் தரையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில் ஒன்றும், 40 முதல் 50 சென்டிமீட்டரில் இன்னொன்றும் போதும். தாவும் பழக்கமுள்ள நாய்க்கு அதன் மார்புக்கு மேலே மூன்றாவது. மயிர் அடர்ந்த தோளிலோ முதுகிலோ முதலில் படும் உயரத்தில் மட்டும் கட்டாதீர்கள். அடி உறைக்காமல் நாய் கம்பியைக் கடந்துவிடும். ஒருமுறை கடந்த நாய்க்கு மறுமுறை கடக்கத் தைரியம் வந்துவிடும்.

கேள்வி: சுற்றுச்சுவர் இருக்கிறது, ஆனால் நாய் ஏறிக் குதிக்கிறது. அல்லது அடியில் தோண்டுகிறது. மின்கம்பி உதவுமா?

மின்கம்பி மிக நன்றாக உதவுவது இந்த இடத்தில்தான். சுவரிலோ கம்பிவலை வேலியிலோ, உட்புறமாக ஒரு சாண் அளவு நீட்டிக்கொண்டிருக்கும் இன்சுலேட்டர்களை (மின்சாரம் கடத்தாத பிடிகளை)ப் பொருத்தி, தோண்டும் நாய்க்குத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டரில் ஒரு கம்பியும், ஏறும் நாய்க்கு அது முன்னங்காலை ஊன்றும் உயரத்தில் ஒரு கம்பியும் ஓட்டினால், பின்னால் உள்ள சுவர் உடலைத் தடுக்கும், கம்பி எண்ணத்தைத் தடுக்கும். ஏறும் நாய் கம்பியைத் தொடும் நேரத்தில் அதன் பின்னங்கால்கள் மண்ணில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நான்கு காலும் செங்கல் சுவரில் இருந்தால் வட்டம் முழுமையடையாது. தோண்டுவது மட்டும்தான் தொல்லை என்றால், வேலியின் அடியிலிருந்து உட்பக்கமாக மடக்கிய கம்பிவலையை மண்ணுக்குள் புதைத்தாலே மின்சாரம் இல்லாமல் வேலை முடிந்துவிடும். அதை முதலில் செய்து பாருங்கள்.

கேள்வி: சுவர் எதுவும் இல்லாமல் மின்கம்பி மட்டும் போதுமா?

சில நாய்களுக்குப் போதும். ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மின்கம்பி நாயின் உடலைத் தடுக்கும் வலிமை கொண்டதன்று. ‘இங்கே போனால் வலிக்கும்’ என்ற நினைவு மட்டுமே அதை நிறுத்துகிறது. பூனையைத் துரத்தும்போதும், பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடும்போதும் அந்த நினைவு வேலை செய்யாது. சாலையோரத்தில் உள்ள பக்கத்துக்காவது திடமான வேலி ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: நாயை இதற்கு எப்படிப் பழக்குவது?

வேலி போட்ட அன்றே நாயை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள்தான் பிறகு ‘இது பயன்படவில்லை’ என்கிறார்கள். காரணத்தைப் புரிந்துகொண்டால் பழக்கும் முறை தானாக விளங்கும். அடி வாங்கிய நாய் தான் எந்தத் திசையில் பார்த்துக்கொண்டிருந்ததோ அந்தத் திசையிலேயே பாய்வதற்கும், பின்னால் விலகுவதற்கும் வாய்ப்பு உண்டு. மூக்கில் அடி விழுந்தால் பெரும்பாலும் பின்வாங்கும். தலையும் தோளும் கம்பிகளுக்கு இடையே நுழைந்த பிறகு அடி விழுந்தால் முன்னே பாய்ந்து வெளியே போய்விடும். அப்படிப் போனால் தப்பிக்கும் வழி முன்னால்தான் இருக்கிறது என்பதே அது கற்றுக்கொள்ளும் பாடம்.

முதல் சில நாள்கள் கருவியை இயக்காதீர்கள். கம்பியில் வெள்ளைத் துணிக் கீற்றுகளை இரண்டு மூன்றடிக்கு ஒன்றாகக் கட்டிவிட்டு, நீளமான துணிக் கயிற்றில் நாயைப் பிடித்துக்கொண்டு எல்லையோரம் தினமும் நடத்திச் செல்லுங்கள். சங்கிலியோ உலோகப் பிடியுள்ள கயிறோ வேண்டாம். நாய் துணிக் கீற்றை நெருங்கும்போது உற்சாகமான குரலில் உள்பக்கம் அழைத்து, வந்தவுடன் பிடித்த தின்பண்டத்தைக் கொடுங்கள். கீற்றைக் கண்டதும் தானாகத் திரும்பத் தொடங்கும் நாய்கள் உண்டு. அவற்றில் சில கம்பியைத் தொடாமலே வாழ்நாளைக் கழித்துவிடும். அதைவிட நல்ல முடிவு வேறில்லை.

பிறகு கருவியை இயக்கி, கயிற்றைத் தளர்வாக விட்டு, நாய் அமைதியாக இருக்கும் நேரத்தில் அதுவாகவே கம்பியை முகரட்டும். நீங்கள் இழுத்துக்கொண்டுபோய்த் தொட வைக்கக்கூடாது. கம்பியில் தின்பண்டத்தைத் தொங்கவிட்டு ஏமாற்றவும் கூடாது, அது கொடுமை. அடி விழுந்ததும் நாய் கத்தும். அந்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிடாமலும், ஓடிப்போய்த் தூக்காமலும் இருங்கள். உங்கள் குரலும் வலியும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் வலிக்குக் காரணம் நீங்கள் என்று அது முடிவு கட்டிவிடலாம். அது உள்பக்கம் விலகி வந்த பிறகு வழக்கம்போலப் பேசி, விளையாடி, சற்று நேரத்தில் வீட்டுக்குள் அழைத்துப் போங்கள்.

இரண்டு வாரங்களுக்காவது ஆள் பார்வை இல்லாமல் நாயை அந்த இடத்தில் விடாதீர்கள். துணிக் கீற்றுகளை ஒரேயடியாக அவிழ்க்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வாயிற்கதவு வழியாக உலாவக் கூட்டிச் செல்வீர்களானால் அதை எப்போதும் ஒரே இடத்தில், கயிற்றோடு மட்டுமே செய்யுங்கள். கம்பியின் மேலாக நாயைத் தூக்கிக் கடத்தவே கூடாது.

கேள்வி: எந்த நாய்களுக்கு மின்வேலி பொருந்தாது?

ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கும், சினையாக உள்ள நாய்களுக்கும், இதய நோயோ வலிப்போ உள்ளவற்றுக்கும், மிகவும் வயதானவற்றுக்கும் வேண்டாம். இவற்றைவிட நான் அதிகம் கவலைப்படுவது இயல்பிலேயே பயந்த நாய்களைப் பற்றி. ஓர் அடிக்குப் பிறகு அவை தோட்டத்துக்கே வர மறுத்து, வாசற்படியிலேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கும். வேலி எல்லையை மட்டும் பயமுறுத்த வேண்டும். வீடு முழுவதையும் பயமுறுத்தினால் உடனே அகற்றிவிடுங்கள். ஆட்களைக் கடிக்கப் பாயும் நாயை மின்வேலியை மட்டும் நம்பி வெளியே விடுவதும் தவறு.

கேள்வி: மண்ணுக்குள் கம்பி புதைத்துக் கழுத்துப்பட்டை கட்டும் வேலி எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்பவர் 1973-இல் காப்புரிமை பெற்ற முறை இது. வீட்டுக்குள் இருக்கும் சிறு பெட்டி, எல்லையைச் சுற்றி ஒரு முழு வளையமாக ஓடும் கம்பிக்குள் குறைந்த அதிர்வெண் கொண்ட வானொலிச் சைகையை அனுப்புகிறது. பட்டையில் உள்ள ரிசீவர் அந்தச் சைகையை உணர்ந்து முதலில் ஒலிக்கிறது, நாய் நிற்காவிட்டால் இரண்டு உலோக முனைகள் வழியாகத் தோலுக்கு அதிர்வு கொடுக்கிறது. வளையம் எங்கே அறுந்தாலும் வேலி முழுவதும் செயலிழக்கும். அதைத் தெரிவிக்கப் பெட்டியில் ஓசை எழும். பெட்டியிலிருந்து எல்லை வரை போகும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்களின் சைகைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதனால் நாய் அந்த இடத்தைத் தாராளமாகக் கடக்கலாம். சில அங்குல ஆழத்தில் புதைத்தால் போதும்.

கேள்வி: அதை நீங்கள் பரிந்துரைக்கிறீர்களா?

திடமான வேலி கட்ட வழியே இல்லாத இடத்தில், நிதானமான நாய்க்கு, பொறுமையாகப் பழக்குபவர் கையில் அது பயன்படலாம். முதல் தேர்வாக நான் அதைச் சொல்ல மாட்டேன். நாய் கம்பியைத் தொடும்போது வலியைக் கொடுப்பது எது என்று அதற்குக் கண்ணெதிரே தெரிகிறது. கம்பியை விட்டு விலகினால் வலி இல்லை. பட்டையோ காரணம் தெரியாமல் கழுத்தில் அடிக்கிறது. அந்த நேரத்தில் எதிரே ஒரு குழந்தை மிதிவண்டியில் போய்க்கொண்டிருந்தால், வலிக்குக் காரணம் குழந்தை என்று நாய் நினைத்துக்கொள்ளலாம். அப்படி மனிதர்கள்மேல் வெறுப்பு வளர்ந்த நாய்களைப் பற்றி விலங்கு நடத்தை வல்லுநர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணுக்குத் தெரியும் வேலிக்குள் இருந்த நாய்களைவிட இந்த மின்னணு வேலிக்குள் இருந்த நாய்களே அதிகம் தப்பி ஓடியிருந்தன. வெறிநாயோ காட்டு விலங்கோ உள்ளே வருவதையும் இது தடுக்காது, நம் நாய் மட்டும் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: பட்டை கட்டிய இடத்தில் புண் வந்துவிட்டது. மின்சாரம் சுட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. உலோக முனைகள் ஒரே இடத்தில் பல மணி நேரம் அழுத்துவதாலும், அடியில் ஈரம் தேங்குவதாலும் தோல் அழுகிப் புண்ணாகிறது. ஒரு நாளில் 8 முதல் 12 மணி நேரத்துக்கு மேல் பட்டையைக் கட்டி வைக்காதீர்கள். இரவில் கழற்றி, முனைகள் பட்ட இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். புண் இருந்தால் ஆறும்வரை பட்டை வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கம்பியே இல்லாமல் ஜிபிஎஸ் பட்டை கிடைக்கிறதே?

பரந்த பண்ணை நிலத்துக்குச் சரி. செயற்கைக்கோள் கணிப்பில் சில மீட்டர் பிழை இயல்பானது. சுவர்களும் மரங்களும் அருகில் இருந்தால் இன்னும் கூடும். சிறிய வளாகத்தில் அந்தச் சில மீட்டர்தான் தோட்டத்துக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசம். நாய் நின்ற இடத்திலேயே நிற்க, எல்லை நகர்ந்து வந்து அதை அடிப்பது மிகவும் அநியாயம்.

கேள்வி: குழந்தைகளும் அக்கம்பக்கத்தினரும் தொட்டுவிட்டால்?

சுரீரென்று வலிக்கும், பயந்து அழுவார்கள்; நல்ல கருவியாக இருந்தால் அதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் தலையிலோ கழுத்திலோ கம்பி படுவதும், குனிந்து நுழையும்போது இரண்டு கம்பிகளுக்கு இடையே சிக்குவதும் ஆபத்தானவை. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், அது போகும் இடத்தில் கம்பி இருக்கவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அருகில் போக வேண்டாம். பொதுவழியை ஒட்டிய பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை கட்டாயம் வேண்டும்: குறைந்தது 100 மில்லிமீட்டருக்கு 200 மில்லிமீட்டர் அளவில், இருபுறமும் மஞ்சள் நிறத்தில், கறுப்பு எழுத்தோடும் படத்தோடும். தெருப்பக்கம் போகிறவர் கை எட்டாதபடி, கம்பி எப்போதும் வேலிக்கு உட்புறமே இருக்கட்டும். மேலே செல்லும் மின்தடங்களுக்கு நேர் கீழேயும், நீச்சல் குளத்தின் அருகிலும் ஓட்டாதீர்கள்.

கேள்வி: மற்ற சிறு உயிர்களுக்குத் தீங்கு வருமா?

வரும், இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம். நாய் அடி வாங்கியதும் ஓடுகிறது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு அதே இடத்தில் நிற்கிறது, எறும்புத்தின்னி கம்பியைச் சுற்றியே சுருண்டுகொள்கிறது. விநாடிக்கு ஓர் அடியாக அவை சாகும்வரை வாங்கிக்கொண்டிருக்கும். தென்னாப்பிரிக்காவில் மின்வேலிகளின் தாழ்ந்த கம்பிகளில் இவை இறப்பது நன்கு அறியப்பட்ட சிக்கல். ஆமையும் தவளையும் நடமாடும் இடமானால் கீழ்க்கம்பியை 20 சென்டிமீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள், காலையும் மாலையும் வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள், நாய் வீட்டுக்குள் இருக்கும் இரவுகளில் கருவியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மின்தடை ஏற்பட்டால் நாய் கண்டுபிடித்துவிடுமா?

நன்றாகப் பழகிய நாய் பல நாள்கள் கம்பியின் பக்கமே போகாது. துறுதுறுவென்ற நாய் வேறு மாதிரி: கருவியின் ‘டிக்’ ஓசையும், கசியும் இடத்தில் கேட்கும் சிறு வெடிப்பும் அதன் காதுக்கு நமக்குக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்கும்; ஓசை நின்ற நாளில் மெல்ல வந்து மீசையால் சோதித்துப் பார்க்கும். பேட்டரியில் ஓடும் கருவியோ, சூரிய மின்தகடு இணைத்ததோ இருந்தால் இந்தக் கவலை இல்லை.

கேள்வி: முன்பு நன்றாக இருந்த வேலியின் அழுத்தம் குறைந்துவிட்டது. எங்கே தேடுவது?

முதலில் புல். கம்பியைத் தொடும் ஒவ்வொரு ஈரப்புல்லும் துடிப்பைச் சிறிது சிறிதாக மண்ணுக்குள் இறக்கிவிடும், மழைக்காலத்தில் இது பலமடங்காகும். புல் இல்லையென்றால் விரிசல் விட்ட இன்சுலேட்டர், கம்பத்தில் உரசும் கம்பி, துருப்பிடித்த முடிச்சு என்று பாருங்கள். இருட்டிய பிறகு விளக்கில்லாமல் நடந்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். வேலியைப் பகுதி பகுதியாகக் கழற்றி அளந்தால் குறையுள்ள பகுதி தனியே அகப்படும். வேலிக்கென்று விற்கும் சோதனைக் கருவியையே பயன்படுத்துங்கள், சாதாரண மல்டிமீட்டர் கெட்டுப்போகும். இடி மின்னல் நேரத்தில் கருவியை மின்சாரத்திலிருந்தும் வேலியிலிருந்தும் கழற்றி வைப்பது நல்லது. மின்னல் கருவியை மட்டுமல்லாமல் வீட்டு இணைப்பையும் பதம் பார்க்கும்.

கேள்வி: சட்டம் இதை அனுமதிக்கிறதா?

இடத்துக்கு இடம் வேறுபடும். குடியிருப்புப் பகுதியில் மின்கம்பியைத் தடை செய்யும் உள்ளாட்சிகள் உண்டு. அனுமதித்தாலும் கருவியின் தரம், பலகை, எல்லையிலிருந்து தூரம் ஆகியவற்றுக்கு விதிகள் இருக்கும். பட்டைகளைப் பொறுத்தவரை, வேல்ஸ் நாடு 2010-இல் நாய்க்கும் பூனைக்கும் மின்னதிர்வுப் பட்டை கட்டுவதையே தடை செய்தது. வாங்குவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு செய்தும் என் நாய் வெளியே போகத்தான் துடிக்கிறது. என்ன செய்வது?

எதற்காகப் போகிறது என்று பாருங்கள். கருத்தடை செய்யாத ஆண் நாய் துணை தேடிப் போகும். கருத்தடைக்குப் பிறகு அந்த அலைச்சல் பெரும்பாலும் குறையும். நாள் முழுவதும் தனியாகக் கிடக்கும் நாய் சலிப்பினால் போகும். காலையும் மாலையும் நீண்ட நேரம் உலாவக் கூட்டிச் சென்றாலே வேலியின் பாதி வேலை முடிந்துவிடும். இடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடும் நாயை அந்த நேரத்தில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடியையும் பொருட்படுத்தாமல் வெளியே ஓடிய நாய், இப்போது வேலிக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரப் பயப்படுகிறது.

வெளியே துரத்திய வேகம் அதற்கு இப்போது இல்லை, வலியின் நினைவு மட்டும் இருக்கிறது. முதலில் கருவியை அணையுங்கள். கழுத்துப்பட்டையானால் நீங்கள் வெளியே போய் அதைக் கழற்றிவிடுங்கள். நாயைத் திட்டாமல், கம்பியின் பக்கமாக இழுக்காமல், கயிற்றைக் கட்டி, அது வழக்கமாகப் போய்வரும் வாயிற்கதவு வழியாகவே நடத்தி உள்ளே கூட்டி வாருங்கள். வந்ததும் தண்ணீர் வைத்து, உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்து, அன்று முழுவதும் தோட்டத்தில் தனியாக விடாமல் வைத்திருங்கள். அது எந்த இடத்தில் கடந்தது, எந்தக் கம்பி முதலில் அதன் மேல் பட்டிருக்கும், அங்கே அழுத்தம் எவ்வளவு என்று அளந்து சரிசெய்த பிறகு, துணிக் கீற்றுகளை மறுபடி கட்டிப் பழக்கத்தை முதல் நாளிலிருந்து தொடங்குங்கள்.